உடலுக்கேற்ற பந்தயச் சைக்கிள்

2022ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியில் கொழும்பு மாநகரம் துவிச்சக்கரவண்டியின் அருமையை மீண்டும் உணர்ந்தது. அதனைப் பயிற்சிக்கும் சிறு போட்டிகளுக்கும் பயன்படுத்த விழைவோர், நடுத்தர விலையில் பந்தயச் சைக்கிளொன்றைத் தெரிவுசெய்கையில் முதலில் நோக்கவேண்டியது சட்டகத்தின் அளவாகும். சட்டகம், அதாவது சக்கரங்களையும் இருக்கையையும் தாங்கும் குழாய்க்கூடு, உடலின் உயரத்திற்கும் கைநீளத்திற்கும் பொருந்தாவிடின், எத்துணை விலையுயர்ந்த வண்டியும் முதுகுவலியையே தரும். வெள்ளவத்தை போன்ற கடலை அண்டிய பகுதிகளில் உப்புக்காற்று உருக்கை விரைந்து துருப்பிடிக்கச் செய்வதால், அலுமினியச் சட்டகமும், வீதியின் அதிர்வைத் தணிக்கும் கார்பன் இழையாலான முன்கவையும் இணைந்த வண்டி ஏற்றது; மழைக்காலத்தில், சக்கரத்தின் நடுவிலுள்ள தட்டைப் பற்றி நிறுத்தும் டிஸ்க் பிரேக்கும், 28 மில்லிமீற்றர் அகல டயரும் பாதுகாப்பளிக்கின்றன. கொழும்பு பெரிதும் சமதரையாயினும், கண்டி வீதியின் கடுகண்ணாவை ஏற்றத்தை நாடுவோருக்கு, 50, 34 பற்கள் கொண்ட முன் பற்சில்லுகளும், 32 பற்கள் வரை பெரிதாகும் பின் பற்சில்லுத் தொகுதியும் உதவும். சர்வதேசப் போட்டிகளில் வண்டியின் நிறை 6.8 கிலோகிராமுக்குக் குறையலாகாது என்பது விதி. நடுத்தர வண்டி அதனினும் இரண்டு மூன்று கிலோகிராம் கூடியிருப்பினும் கவலை வேண்டியதில்லை, ஏனெனில் அந்தக் குறையை அன்றாட அதிகாலைப் பயிற்சி நிறைவுசெய்துவிடும்.