கோர்ட்டு ரிக்கார்டு யாருக்குச் சொந்தம்?



அமெரிக்காவில் கோர்ட்டு ரிக்கார்டைப் பார்க்கப் போகிறவனைச் சாதாரணமாய் "உனக்கு இதில் என்ன பாத்தியம்?" என்று கேட்பதில்லை. வழக்கில் சம்பந்தமில்லாதவனும் பார்க்கலாம், நகல் எடுக்கலாம் என்கிற பொது உரிமையை அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டே 1978-ல் நிக்ஸன் ஒலிநாடா வழக்கில் ஒப்புக்கொண்டிருக்கிறது. (கேட்டவர்களுக்கு அந்த நாடாக்கள் கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம்!)

ஆனால் உரிமை இருந்தால் மாத்திரம் போதுமா? வழி தெரிய வேண்டாமா? அங்கே கவுண்டி என்பது நம் ஜில்லாவைப் போன்றது. அப்படி 3,000-க்கு மேல் இருக்கின்றன; எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே அட்டவணை கிடையாது. மத்திய கோர்ட்டுகளுக்கென்று 'பேசர்' என்ற கம்ப்யூட்டர் ஏற்பாடு உண்டு; கவுண்டி வழக்கை அதில் எத்தனை நாள் தேடினாலும் அகப்படாது. ஆகவே வழக்கு நடந்த கவுண்டி எது என்று முதலில் அறிந்து, அங்குள்ள கோர்ட்டுக் கிளார்க் ஆபீசில் கட்சிக்காரர் பெயரையும் வருஷத்தையும் சொல்லிக் கேஸ் நம்பரைக் கண்டுபிடிக்க வேண்டும். நம்பர் கிடைத்தால் பாதி வேலை தீர்ந்தது. தத்து வழக்கு, சிறுவர் வழக்குகளைப் பெரும்பாலும் காட்டமாட்டார்கள். அதை நாம் குறை சொல்லவில்லை.

நகல்தான் தொல்லை. கலிபோர்னியாவில் பக்கத்துக்கு 50 சென்ட். 300 பக்கத்துக்கு 150 டாலர்! ஏழை எங்கே போவான்? ஆகையால் கட்டை அங்கேயே உட்கார்ந்து படித்துவிட்டு, வேண்டிய பக்கத்துக்கு மாத்திரம் பணம் கட்டும்படி சொல்லுகிறோம்.