ஆற்றுக்கு இப்பாலா, அப்பாலா?

மொன்றியலிலேயே இருப்பதா, ஆறு கடந்து லவாலுக்குப் பெயர்வதா என்று பலர் வினவுகின்றீர்கள். ஆங்கிலப் பள்ளியை எண்ணிப் பெயர வேண்டாம். 1977ஆம் ஆண்டின் பிரெஞ்சு மொழிச் சாசனம் இரு கரைகளுக்கும் ஒன்றே. மானியம் பெறும் பராமரிப்பு நிலையங்களின் நாட்கட்டணமும் மாகாணமெங்கும் ஒன்றே. மாறுவது பயணம். 2007இல் லவாலுக்கு மெத்ரோ சென்றது. ஆயினும் நிலையங்கள் மூன்றே, கட்டண வலயமும் வேறு. பணியிடம் இங்கும் பராமரிப்பு நிலையம் அங்குமாயின், மாலையில் அது மூடுமுன் பிள்ளையை அழைப்பவர் யார்? முற்றமுள்ள வீடு நன்றுதான், மறுக்கவில்லை. பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்கள் ஜூன் 30இல் முடிவதால் இளவேனிலில் வீடு பார்க்கின்றோம். அப்போது தொலைவு தெரிவதில்லை. ஒப்பமிடுமுன், பணி முடியும் வேளையில் பேருந்தேறி அவ்வழியே ஒருமுறை சென்று பாருங்கள். பனிக்காலத்திற்கு மேலும் அரைமணி கூட்டிக்கொள்ளுங்கள்.