தகரப் பெட்டியிலிருந்து இணையத்துக்கு: பசறை ஆய்வரங்கின் தலைமையுரை



மலையக மக்களின் வாழ்வில் காகிதம் ஒருநாளும் சாதாரணப் பொருளாக இருந்ததில்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மவர்களை நாடற்றவர்களாக்கியது. மறு ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம், 1946 ஜனவரி முதலாம் திகதிக்கு முன் மணமானவர் 7 ஆண்டுகளும் மணமாகாதவர் 10 ஆண்டுகளும் தொடர்ந்து இந்நாட்டில் வாழ்ந்ததை நிரூபிக்கச் சொன்னது. தோட்டத்து வருகைப் பதிவேடான செக்ரோலில் பேர் விழுந்த பக்கம் எங்கே, பிள்ளையின் பிறப்புப் பத்திரம் எங்கே என்று லயக் காம்பிராக்களில் தகரப் பெட்டிகளைக் கவிழ்த்துத் தேடினார்கள். 1964ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. பிரிந்துபோன அந்தக் குடும்பங்களின் போட்டோக்களும் பாஸ்போர்ட்டுகளும் இன்றும் அதே பெட்டிகளில்தான் கிடக்கின்றன. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது லயங்களோடு அத்தகைய பெட்டிகளும் மண்ணுக்குள் போயின.

ஆகவே இவற்றை ஸ்கேன் செய்து இணையத்தில் சேர்க்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம், ஈழத்துத் தமிழ் நூல்களையும் ஏடுகளையும் தன்னார்வலர்களின் உழைப்பால் இப்படிக் காக்க முடியும் என்று காட்டியிருக்கிறது. ஊவாவுக்கும் அப்படியொன்று வேண்டும் என்று இங்கே பலர் கேட்கிறீர்கள். கட்டுவோம். ஆனால் கட்டுவதற்கு முன் ஒரு கேள்வியை இந்த அவை தீர்க்க வேண்டும். யாரும் படம் அனுப்பலாம் என்று திறந்து வைக்கிற தளத்தில், படம் வருகிற வழியாக வேறு எதுவும் வந்துவிடாமல் எப்படிக் காப்பது? வந்து சேர்ந்த படத்தை யார் பார்க்கலாம், யார் பார்க்கக் கூடாது?

இதைக் கணினிக்காரர் பார்த்துக்கொள்வார் என்று நாம் ஒதுங்கிவிடக் கூடாது. 2011 ஓகஸ்டில் நடந்ததைச் சொல்கிறேன். வேர்ட்பிரஸ் தளங்களில் படத்தின் அளவை மாற்றித் தரும் டிம்தம்ப் என்ற சிறு நிரல் எண்ணற்ற வடிவமைப்புகளோடு சேர்ந்து வந்தது. வெளித்தளப் படத்தை எடுத்துத் தன் கோப்புறையில் வைத்துக்கொள்வது அதன் வேலை. அந்த வழியாகப் படத்துக்குப் பதில் பி.எச்.பி. நிரலையே உள்ளே வைத்துவிட முடிந்தது. உள்ளே வந்த நிரல் ஓடினால் தளம் முழுவதும் அந்நியர் கையில். தளத்தை நடத்தியவர்களில் பெரும்பாலோருக்கு அப்படியொரு நிரல் தங்கள் தளத்தில் இருப்பதே தெரியாது.

இன்னொரு சம்பவம் இதைவிடப் பாடம் நிறைந்தது. ஜேக்வெரி ஃபைல் அப்லோட் என்ற பதிவேற்றக் கருவி உலகெங்கும் ஆயிரக்கணக்கான திட்டங்களில் இருந்தது. பதிவேற்றக் கோப்புறையில் நிரல் எதுவும் ஓடக் கூடாது என்ற கட்டளையை அது ஒரு சிறு அமைப்புக் கோப்பில் எழுதி வைத்திருந்தது. அப்பாச்சி என்ற இணைய வழங்கி மென்பொருள் 2010இல் தன் இயல்பு அமைப்பை மாற்றி, அத்தகைய கோப்புகளைப் படிப்பதையே நிறுத்திவிட்டது. கட்டளை இருந்தது, கேட்பார் இல்லை. எட்டு ஆண்டுகள் கழித்து, 2018இல்தான் ஓர் ஆய்வாளர் இதைப் பகிரங்கமாக எடுத்துச் சொன்னார். ஒருமுறை சரியாக அமைத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்க முடியாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

கோப்பின் பெயர் ஜேபெக் என்று முடிவதால் அது படமாகிவிடாது. அனுப்புகிறவரின் உலாவி இது படம் என்று சொல்வதும் சாட்சியாகாது. உண்மையான ஜேபெக் கோப்பு குறிப்பிட்ட மூன்று பைட்டுகளோடு தொடங்கும். அதைப் பார்க்க வேண்டும். ஆனால் அதுவும் போதாது. அந்தத் தொடக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு, படத்தின் குறிப்புப் பகுதிக்குள் நிரலை எழுதிவிட முடியும். கண்ணால் பார்த்தால் கொழுந்து எடுக்கும் பெண்ணின் படம், உள்ளே வேறு. கொழுந்து நிறுக்கிற இடத்தில் கணக்கப்பிள்ளை சாக்கின் மேல்வாயைப் பார்த்து நிறுத்திக்கொள்வதில்லை, கையை விட்டுப் புரட்டிப் பார்ப்பார். வழங்கியும் அப்படித்தான் செய்ய வேண்டும். வந்த படத்தைத் திறந்து, புள்ளிகளை மட்டும் எடுத்து, புதிதாக ஒரு படமாக எழுத வேண்டும். குறிப்புப் பகுதியில் ஒட்டி வந்தவை அதில் உதிர்ந்துவிடும். திறக்கும் கருவியும் புதிதாக இருக்க வேண்டும். 2016இல் இமேஜ்மேஜிக் என்ற புகழ்பெற்ற கருவியிலேயே, படத்தைத் திறக்கும்போது அந்நியக் கட்டளை ஓடும் குறை வெளிப்பட்டது.

இங்கே ஆவணக்காரர் ஒருவர் எழுந்து, மூலத்தை மாற்றலாமா என்று கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். மூலக் கோப்பை ஒரு புள்ளி மாறாமல், அதன் சரிபார்ப்பு எண்ணோடு, இணையத்தோடு தொடர்பில்லாத இடத்தில் வைக்க வேண்டும். தளத்தில் காட்டுவது, புதிதாக எழுதிய சிறு நகல் மட்டுமே. பாதுகாப்புக்காரர் கேட்பதும் ஆவணக்காரர் கேட்பதும் இந்த ஓர் ஏற்பாட்டில் ஒத்துப்போகின்றன. என் உரையில் எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

அடுத்தது அனுமதி. லினக்ஸ் வழங்கியில் ஒவ்வொரு கோப்புக்கும் உரிமையாளர், குழு, மற்றவர் என மூன்று வகையாருக்குத் தனித்தனி எண் உண்டு. படிக்க 4, எழுத 2, ஓட்ட 1. 644 என்றால் உரிமையாளர் படிக்கலாம், எழுதலாம். குழுவும் மற்றவர்களும் படிக்க மட்டும். படம் ஏறவில்லையா, 777 போடு என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார்கள். அப்படிப் போட்டால் அந்த வழங்கியில் கணக்கு வைத்திருக்கும் எவரும் அதில் எழுதலாம், மாற்றலாம். படம் ஏறாததற்குக் காரணம் பெரும்பாலும், தளத்தை ஓட்டும் நிரல் வேறொரு பயனர் பெயரில் ஓடுவதுதான். அந்தப் பயனருக்குப் பதிவேற்றக் கோப்புறையில் மட்டும் எழுதும் உரிமை கொடுத்தால் வேலை முடிந்தது. அந்தக் கோப்புறைக்குள் நிரல் ஓடாதபடி வழங்கியின் மைய அமைப்பிலேயே தடுத்துவிட வேண்டும். பயிற்றுவிப்போரை மன்றாடிக் கேட்கிறேன், 777 என்ற குறுக்குவழியை வகுப்பறையிலிருந்து அகற்றுங்கள்.

பெயர் வைப்பதில் இன்னும் கவனம் வேண்டும். ஸ்கேன் செய்த பத்திரத்துக்கு உரியவரின் அடையாள அட்டை இலக்கத்தையே பெயராக வைக்கும் பழக்கம் உண்டு. அந்த இலக்கத்திலிருந்தே பிறந்த ஆண்டையும் நாளையும் கணக்கிடலாம். நாளின் எண்ணோடு 500 கூட்டியிருந்தால் பெண் என்றும் தெரிந்துவிடும். வரிசை எண் வைப்பதும் ஆபத்து. அமெரிக்காவில் ஃபர்ஸ்ட் அமெரிக்கன் நிறுவனத்தின் தளத்தில் முகவரியிலுள்ள எண்ணை மாற்றினாலே அடுத்தவர் பத்திரம் திறந்தது. இப்படி 88 கோடிக்கும் மேற்பட்ட ஆவணங்கள் திறந்து கிடந்தது 2019 மே மாதம் அம்பலமானது. ஊகிக்க முடியாத பெயர் வேண்டும். அதற்கு மேல், கேட்பவருக்கு அந்த ஆவணத்தைப் பார்க்க உரிமை உண்டா என்று ஒவ்வொரு முறையும் தளம் சோதிக்க வேண்டும்.

கைபேசிப் படத்துக்குள் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை பதிந்திருக்கக்கூடும். 2012 டிசம்பரில் தலைமறைவாக இருந்த கணினிப் பாதுகாப்புத் தொழிலதிபர் ஜோன் மக்காஃபி குவாத்தமாலாவில் இருப்பதை, ஒரு சஞ்சிகை வெளியிட்ட படத்தின் இந்தக் குறிப்புதான் காட்டிக்கொடுத்தது. மடுல்சீமையில் தன் காம்பிரா வாசலில் நிற்கும் ஒரு பெண்ணின் வீட்டை உலகுக்குக் காட்ட நமக்கு யார் அனுமதி தந்தது? ஆய்வுக்கு இடம் தேவை என்றால் மூலத்தில் இருக்கட்டும், நகலில் வேண்டாம்.

தாக்குதல் நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. 2021 பெப்ரவரி 6ஆம் திகதி சில .எல்கே தளங்களுக்குப் போனவர்கள் வேறொரு பக்கத்துக்குத் திருப்பப்பட்டார்கள். தோட்டத் தொழிலாளரின் சம்பளப் பிரச்சினையும் அங்கே எழுதப்பட்டிருந்தது. அது பதிவேற்ற வழியாக நடந்ததல்ல, தளப் பெயர்ப் பதிவேட்டில் நடந்தது. அந்த மனக்குறை நம்முடையது, நியாயமானது; ஆனாலும் நம் பெயரால் பிறர் தளத்தில் புகுவதை நான் ஏற்கமாட்டேன். 2023இல் அரசின் மேகக் கணிமைச் சேவை தாக்கப்பட்டபோது மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் மீளாமல் போயின. வசதியுள்ள அரசுக்கே அந்த நிலை என்றால், நம் பிரதிகளில் ஒன்றாவது பதுளைக்கு வெளியே, இணையத்தில் இணையாமல் இருக்க வேண்டும்.

இந்த அவையிடம் மூன்று முடிவுகளை எதிர்பார்க்கிறேன். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் உரக்க வாசித்துக் காட்டிய பின்பே கையொப்பம் வாங்குவது. உயிரோடிருப்பவரின் பிரஜாவுரிமைப் பத்திரத்தைப் பொதுவில் காட்டுவதில்லை என்பது. இதற்குத் துணையாக, தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கென்றே 2022இல் இந்நாட்டில் 9ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. மூன்றாவதாக, தளத்தின் நிர்வாகக் கடவுச்சொல் யார் யாரிடம் இருக்கிறது, அவர்களில் ஒருவர் கொழும்புக்கோ வளைகுடாவுக்கோ வேலைக்குப் போனால் அன்றைக்கே அவர் கணக்கை மூடுவது யார் என்பது. பிற்பகல் அமர்வில் இவற்றைத் தீர்மானமாக எழுதிக் கையில் தாருங்கள். முதற் கட்டுரையாளரை மேடைக்கு அழைத்து ஆய்வரங்கைத் தொடக்கி வைக்கிறேன்.