கல்முனைக்கு நெல் விளைவிக்க வந்தவர்

இன்று பட்டம் பெற்ற பிள்ளைகளே, அவர்களைப் பெற்று வளர்த்த உம்மாமாரே, வாப்பாமாரே, அம்மா அப்பாமாரே!

1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்டன. அதற்கு முந்திய மாதமே ரங்கூன் விழுந்திருந்தது. பர்மாவிலிருந்து கப்பல் கப்பலாக வந்த அரிசி நின்றுபோனது. நாட்டின் சோற்றுப் பானைக்கு நெல் வேண்டும் என்று அரசாங்கம் திரும்பிப் பார்த்த இடங்களில் ஒன்று நம்முடைய கிழக்குக் கரை. கல்முனையில் அவசரக் கச்சேரி ஒன்று திறந்தார்கள். அதற்கு உதவி அரசாங்க அதிபராக வந்தவருக்கு அப்போது 30 வயது. பெயர் ஏ.எம்.ஏ. அஸீஸ்.

யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்தவர். யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் படித்தவர். 1935இல் இலங்கைச் சிவில் சேவைக்குத் தெரிவானபோது, அந்தச் சேவைக்குள் நுழைந்த முதல் முஸ்லிம் அவர்தான். அந்தக் காலத்துச் சிவில் சேவை என்றால் என்னவென்று உங்கள் மூத்தாப்பாமாருக்குத் தெரியும். வெள்ளைக்காரத் துரைமார் இருந்த கதிரை அது. படித்த பிள்ளை உள்ள வீடெல்லாம் அந்தக் கதிரையைக் கனவு கண்டது. அது கைக்கு வந்த பிறகு ஒரு மனிதனுக்கு வேறு என்ன ஆசை மிச்சமிருக்கும்?

அவர் வந்த வேலையைச் செய்தார். அரச காணிகளை விவசாயிகளுக்குக் கொடுத்து வேளாண்மை செய்வித்தார். ஆனால் வயலைப் பார்க்கப் போன கண், வயலோடு நிற்கவில்லை. நெல் விளையும் ஊரில் படிப்பு விளையவில்லை என்பதைக் கண்டது. பிள்ளைகள் வரம்பில் நின்றார்கள். பள்ளிக்கூட வாங்கில் இல்லை. அதே வருடம், 1942இலேயே, கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தை உருவாக்கினார். நெல்லுக்கு அனுப்பப்பட்ட அதிகாரிக்குப் பள்ளிக்கூடம் பற்றிய கட்டளை எதுவும் மேலிடத்திலிருந்து வரவில்லை. அதைத்தான் நான் உங்களுக்கு அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

இந்தக் கரையில் அவருக்கு இரண்டு பேரின் நட்பு வாய்த்தது. காத்தான்குடிக் கவிஞர் அப்துல் காதர் லெப்பை, மகாகவி இக்பாலை அவருக்கு அறிமுகப்படுத்தினார். மற்றவர் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தர். ஒரு முஸ்லிம் அதிகாரியும் காவியுடுத்த துறவியும் கிழக்குக் கரையில் கல்வியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பதை, கல்முனைக்கும் காரைதீவுக்கும் நடுவே பஸ் நிற்கும் ஒவ்வொரு தரமும் நான் நினைத்துக்கொள்கிறேன். இடையில் வந்த கசப்பான வருடங்களை நாம் எல்லோரும் அறிவோம். அந்த நட்பும் இதே மண்ணில்தான் விளைந்தது.

சுவாமிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1892இல் மயில்வாகனனாகப் பிறந்து, கல்முனையில் படித்து, இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டம் பெற்றவர். மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராக இருந்தார்; 1922இல் அதை விட்டார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார், அதையும் விட்டார். கடைசிவரை விடாதது ஒன்று. உயிரோடு இருக்கும் எவரும் கேட்டறியாத பழந்தமிழ் யாழின் ஓசையைப் பழைய நூல்களின் சொல்லிலிருந்தும், தான் படித்த பௌதிகவியலின் கணக்கிலிருந்தும் மீட்டெடுக்கும் ஆசை. 'யாழ் நூல்' 1947இல் அரங்கேறியது. அடுத்த மாதம் அவர் மறைந்தார். பௌதிகம் வேறு, தமிழ் வேறு என்று பீடம் பிரித்துப் படித்த பிள்ளைகள் அந்த நூலை ஒருமுறையாவது கையில் எடுத்துப் பாருங்கள்.

அதே சுவாமிகள் 1926இல் 'மதங்கசூளாமணி' என்றொரு நாடக ஆராய்ச்சி நூலைத் தந்தார். ஆங்கில நாடகாசிரியர் சேக்ஸ்பியரைச் 'செகசிற்பியார்' என்று தமிழாக்கி அழைத்தவர் அவர். அந்தச் செகசிற்பியார் படைத்த மக்பெத்தை இங்கே கூப்பிடுகிறேன். ஆசையைப் பற்றிப் பேசும் சபையில் அவனைத் தவிர்க்க முடியாது.

மக்பெத் முதலில் கெட்டவன் இல்லை. வீரன், அரசன் மெச்சிய தளபதி. போரிலிருந்து திரும்பும் வழியில் மூன்று சூனியக்காரிகள், நீ அரசனாவாய் என்று சொல்லிவிட்டு மறைகிறார்கள். வீட்டில் மனைவியும் அதையே சொல்கிறாள். விருந்தாளியாக வந்து தன் வீட்டில் தூங்கும் அரசனை அவன் கொல்கிறான். முடி கிடைக்கிறது. அதன் பிறகு ஒரு நல்ல தூக்கம் கிடைக்கவில்லை. அவனுடைய ஆசை பிறர் வாயிலிருந்து அவன் காதுக்குள் வந்தது.

ஆனால் அந்த வெளியில் அவன் மட்டும் நிற்கவில்லை. கூட பாங்கோவும் நின்றான். உன் சந்ததியார் அரசர்களாவார்கள் என்று அவனுக்கும் சொன்னார்கள். அவனும் ஆசைப்பட்டிருக்கலாம். கத்தியை எடுக்கவில்லை. ஒரே இடம், ஒரே குரல், இரண்டு மனிதர்கள். ஒருவரின் குணம் என்று நாம் சொல்வது அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. கல்முனைக்கு அஸீஸுக்கு முன்னும் பின்னும் எத்தனையோ அதிகாரிகள் வந்தார்கள். அந்த வரம்பையும் அந்தப் பிள்ளைகளையும் அவர்களும் கண்டிருப்பார்கள்.

உங்கள் காதிலும் நிறையப் பேர் சொல்லியிருப்பார்கள். டொக்டராகு, இன்ஜினியராகு, கச்சேரியில் ஒரு வேலை எடு, கட்டாருக்குப் போ. சொன்னவர்கள் சூனியக்காரிகள் அல்லர். கரவலை இழுத்தும், மருதமுனைத் தறியில் கால் மிதித்தும், கொளுத்தும் வெயிலில் வயல் வெட்டியும் உங்களைப் படிக்க வைத்தவர்கள். முதல் சம்பளத்தில் அடைக்க வேண்டிய கடன் பல வீடுகளில் இருக்கிறது. அந்தக் கடனை அடையுங்கள். அதில் எந்தக் குறையும் இல்லை. அஸீஸும் உத்தியோகத்தை உதறிவிட்டுக் கல்முனைக்கு வரவில்லை. உத்தியோகத்தில் இருந்துகொண்டேதான் அந்தச் சங்கத்தைத் தொடங்கினார். 1945இல் வசதியற்ற முஸ்லிம் மாணவர்களின் மேற்படிப்புக்கு உதவ இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை நிறுவியபோதும் அரச ஊழியர்தான்.

1948இல்தான் அவர் சிவில் சேவையை விட்டார். வயது நாற்பதைத் தொடவில்லை. மேலே இன்னும் எத்தனையோ படிகள் இருந்தன. அவர் போய் இருந்த இடம் கொழும்பு ஸாஹிறாக் கல்லூரியின் அதிபர் கதிரை. 1961 வரை அங்கே இருந்தார். உலகம் அதை இறக்கம் என்று கணக்கிட்டிருக்கும். ஆறு வருடத்துக்கு முன் கல்முனையில் கண்ட காட்சி அவரை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது என்றே நான் நம்புகிறேன்.

அந்த ஸாஹிறாவுக்கு முன்னும் ஒரு கதை உண்டு. கண்டியில் வழக்கறிஞராக இருந்த அறிஞர் சித்திலெப்பை, முஸ்லிம்களின் கல்விக்காக 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை 1882இல் தொடங்கினார். பெண் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் திறந்தார். 1885இல் அவர் எழுதிய 'அசன்பேயுடைய சரித்திரம்' இலங்கையின் முதல் தமிழ் நாவல். குழந்தையிலேயே கடத்தப்பட்டு, அயல் மண்ணில் வளர்ந்து, கல்வியாலும் நேர்மையாலும் உயரும் இளைஞன் அசன். தன் சமூகத்தில் அப்படியொரு பிள்ளையைத் தேடிக் களைத்த ஒருவர், அவனை முதலில் காகிதத்தில் பெற்றெடுத்தார் என்று எனக்குத் தோன்றும். இந்த மண்டபத்தில் அவனைப் போன்ற எத்தனை பேர்! பெண் பிள்ளைகள் எத்தனை பேர்!

இந்தப் பல்கலைக்கழகமும் ஒருவர் கண்ணால் கண்டதிலிருந்து வந்தது. யுத்தத்தால் கிழக்கின் பிள்ளைகள் படிப்பை இழந்து நின்றதைக் கண்ட அரசியல் தலைவர் எம்.எச்.எம். அஷ்ரபின் முயற்சியால், இது 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, மறு வருடமே முழுப் பல்கலைக்கழகமானது. அவருடைய படத்தை ஊரெங்கும் பார்க்கிறீர்கள். 'நான் எனும் நீ' என்று அவர் எழுதிய கவிதை நூலையும் படியுங்கள். சுவரொட்டியில் தெரியாத ஒரு மனிதர் அதில் இருக்கிறார்.

அஸீஸ் 1973 நவம்பரில் காலமானார். அவர் பிறந்த மண்ணின் பல்கலைக்கழகமான யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1980இல் அவருக்குக் கலாநிதிப் பட்டம் வழங்கியது. மற்றவர்களின் பிள்ளைகளுக்குப் பட்டம் கிடைக்க வேண்டுமென்று வாழ்ந்தவரால் அந்த மேடைக்கு வந்து அதை வாங்க முடியவில்லை.

உங்களைப் படிக்க வைத்தவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். சிலர் இடமில்லாமல் வெளியே மர நிழலில் நிற்கிறார்கள். நான் அமர்ந்துகொள்கிறேன், நீங்கள் அந்த அங்கியோடேயே அவர்களிடம் போங்கள்.