குழந்தைகளின் முக எலும்புக் கோளாறும் சஸ்திர சிகிச்சையும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



இம்மேடையில் கல்வி நிதியைக் குறித்துப் பேசுவதே நமது வழக்கம். இன்று வேறொரு விஷயத்தை எடுத்துக்கொண்டோம். விழி பிதுங்கி, நடுமுகம் உள்ளடங்கிப் பிறந்த குழந்தையைக் கலியாண வீட்டுக்கு அழைத்து வராமல் உள்ளறையிலேயே வைத்து வளர்ப்பாரை நாம் அறிவோம். கிரகணத்தில் வெளியே வந்தாளென்று தாயின்மேல் பழி சுமத்துவாரும் உண்டு. இது பெரும் அநியாயமாகும்.

சிசுவின் மண்டையோடு ஒரே எலும்பன்று. பல எலும்புகள் பொருத்துவாய்களால் இணைந்தது. மூளை வளர வளர அப்பொருத்துகள் இடங்கொடுக்கின்றன. அவை அகாலத்தில் மூடிக்கொண்டால் தலை கோணலாக வளரும்; மூளை நெருக்குண்ணும்; கண் பார்வைக்கும் ஹானி நேரும். இத்தகைய நோய்களுள் ஒன்றை 1912-இல் குரூசோன் என்னும் பிரெஞ்சு வைத்தியர் விவரித்தார். அதன் மூலகாரணமான மரபணு மாறுதல் 1994-இல் கண்டறியப்பட்டது. அது தாய்வழியும் வரலாம், தந்தைவழியும் வரலாம். இருவரிடமும் இல்லாமல் குழந்தையிடத்தே புதிதாகவும் தோன்றலாம். கிரகணத்துக்கு இதில் யாதொரு சம்பந்தமுமில்லை.

இங்கிலாந்தில் கில்லீஸ் என்னும் நிபுணர் 1942-இல் இப்படிப்பட்ட முகத்தின் எலும்பை அறுத்து முன்னே நகர்த்தினார், பலன் நிலைக்கவில்லை. அதை நிலைக்கச் செய்தவர் பால் தெஸியே (1917-2008). பாரிஸில் பகலெல்லாம் வேலை செய்துவிட்டு, ரயிலேறி நாந்த் நகரம் சென்று, அங்கே பிரேதங்களின்மேல் அறுத்துப் பழகினார் என்றால் அவருடைய சிரத்தையை என்னென்பது! முகத்தை முன்னே கொணர்ந்ததும் உண்டாகும் இடைவெளியில் நோயாளியின் சொந்த எலும்பையே எடுத்து வைத்து நிரப்பினார். கண்கள் மிக அகன்று அமைந்தோருக்கு, கீயோ என்னும் மூளை சஸ்திர வைத்தியரோடு சேர்ந்து, மண்டையைத் திறந்தே கண்குழிகளை நெருங்க வைத்தார். மூளைப் பக்கமாக முகத்தை அணுகுவதற்குப் பெருந்துணிவு வேண்டும். 1967-இல் ரோமாபுரியில் கூடிய வைத்திய மகாநாட்டில் இவற்றை வெளியிட்டார். பிறகு பல நாட்டு நிபுணர்களைத் தம் ஆஸ்பத்திரிக்கு வரவழைத்து, கண்ணெதிரே சிகிச்சை செய்து காட்டி, இதைத் தொடரலாமா என்று கேட்டாராம். தம் வெற்றியைத் தாமே தீர்ப்புக்கு விட்ட அடக்கம் நமக்கு மிகவும் பிடித்தது.

பின்னர் வந்த முறையொன்றும் உண்டு. எலும்பை வெட்டி, கருவி பொருத்தி, நாளொன்றுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டராகச் சிறுகச் சிறுக விலக்கினால் நடுவே புது எலும்பு தானே வளர்கிறது. நியூயார்க்கில் மக்கார்த்தி என்பவர் குழந்தைகளின் கீழ்த்தாடையை இவ்விதம் நீட்டி 1992-இல் பிரசுரித்தார்.

காலம் இதில் முக்கியம். மண்டையோட்டின் நெருக்கத்தைப் பெரும்பாலும் முதல் வயதுக்குள்ளேயே தளர்த்துகிறார்கள். முகத்துக்கான சிகிச்சை அதன்பின் வயதறிந்து செய்வது. ஒரே முறையில் முடிவதுமன்று, அபாயமே இல்லாததுமன்று. ஆயினும் உள்ளறையில் கழியும் ஒவ்வொரு மாதமும் குழந்தைக்கு நஷ்டமே.

இங்கு வந்துள்ளோரில் எவர் வீட்டிலேனும் அப்படிப்பட்ட குழந்தை இருப்பின், கூட்டம் கலைந்தபின் நம்மிடம் தனியே தெரிவிக்கலாம். டாக்டரிடம் உடன்வர நம்மில் இருவர் சித்தமாயிருக்கிறோம்.