விடுதிக் காப்பாளரின் கையெழுத்து

(குண்டலுபேட்டையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு)



எந்த அம்மையாரின் நினைவாக இந்த அறக்கட்டளை அமைந்திருக்கிறதோ அவர் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். கருப்பை வாய்ப் புற்றுநோயில் இறந்தவர். கடைசி வரை வெளியாரிடம் 'வயிற்றுக் கோளாறு' என்றே சொல்லிவந்ததாக அவருடைய மகள் என்னிடம் சொன்னார். இனி அப்படிச் சொல்வதில்லை என்று முடிவு செய்து, இந்தத் தலைப்பில் பேசும்படி என்னைக் கேட்டதும் அவர்தான். அந்தத் துணிவுக்கு என் முதல் வணக்கம்.

மறைத்துப் பேசும் நோய் இது. மறைப்பதற்கு நாம் கொடுக்கும் விலையோ பெரிது. 2022-இல் இந்தியாவில் 1,27,526 பெண்களுக்கு இந்த நோய் புதிதாக வந்தது, 79,906 பேர் இறந்தார்கள் என்பது சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் மதிப்பீடு. உலகத்தில் இந்த நோய்க்குப் பலியாகும் பெண்களில் ஐந்தில் ஒருவருக்கும் மேல் நம் நாட்டவர். வேறு எந்தப் புற்றுநோயைப் பற்றியும் இவ்வளவு தெளிவாக நமக்குத் தெரியாது என்பதுதான் இதில் மனத்தை வருத்துவது. காரணம் தெரியும்: ஹெச்.பி.வி. என்னும் வைரஸ். அதில் 16, 18 என்ற இரண்டு வகைகள்தான் நூற்றுக்கு எழுபது புற்றுக்குக் காரணம். ஜெர்மனியின் ஹரால்ட் சுர் ஹவுசன் 1980-களின் தொடக்கத்திலேயே இதைக் கண்டுபிடித்தார். 2008-இல் நோபல் பரிசு பெற்றார். வைரஸ் தொற்றியவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு உடம்பே அதை விரட்டிவிடுகிறது. தங்கிவிட்டால், புற்றாக மாறப் பொதுவாகப் பதினைந்து, இருபது ஆண்டுகள் ஆகும். அத்தனை ஆண்டுகள் அவகாசம் கொடுக்கும் நோயிடம் நாம் தோற்றுக்கொண்டிருக்கிறோம்.

தடுப்பூசி 2006-இல் வந்தது. அதில் என்ன இருக்கிறது என்று தாய்மார்கள் கேட்பது நியாயமான கேள்வி. வைரஸைப் பொறுத்தவரை அதன் மேலுறைப் புரதம் மட்டுமே இருக்கிறது. மரபுப் பொருள் கிடையாது. பாம்பு உரித்துப் போட்ட சட்டை போன்றது அது. பாம்பின் வடிவம் இருக்கும், கடிக்க வாய் இருக்காது. அதனால் ஊசியே நோயைக் கொண்டுவந்துவிடும் என்ற பயத்துக்கு இடமில்லை. கை வலிக்கும், வீங்கும், சிலருக்குக் காய்ச்சல் வரும். வளரிளம் பிள்ளைகள் சிலர் ஊசி போட்டதும் மயங்கி விழுவதுண்டு. அதற்காகத்தான் பதினைந்து நிமிடம் உட்காரவைக்கச் சொல்கிறார்கள். கடுமையான ஒவ்வாமை பத்து லட்சத்தில் ஓரிருவருக்கு வரக்கூடும். அதற்கான மருந்தைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டுதான் ஊசி போட வேண்டும். கருத்தரிக்க முடியாமல் போய்விடும் என்ற பேச்சுக்கு எந்த ஆய்விலும் ஆதாரமில்லை. போலியோ சொட்டு மருந்தைப் பற்றியும் இதையேதான் சொன்னார்கள். அந்தச் சொட்டைக் குடித்து வளர்ந்தவர்கள் இன்று பிள்ளை பெற்று வளர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

பலன்? ஸ்வீடனில் ஏறத்தாழ 17 லட்சம் பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2020-இல் வெளியிட்ட ஆய்வில், 17 வயதுக்கு முன் ஊசி போட்டுக்கொண்டவர்களிடம் இந்த நோய் 88 சதவீதம் குறைந்திருந்தது. ஸ்காட்லாந்தில் 12, 13 வயதில் போட்டுக்கொண்ட பெண்களில் ஒருவருக்குக்கூடப் பரவும் கருப்பை வாய்ப் புற்று வரவில்லை என்று 2024 ஜனவரியில் அறிவித்தார்கள். இந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு மகிழ்ச்சியைவிடத் துக்கம்தான் மிகுந்தது. நம் பிள்ளைகளுக்கு இது ஏன் இவ்வளவு காலம் கிடைக்கவில்லை?

அதற்குப் பதில் தேடி பத்ராசலத்துக்குப் போக வேண்டும்.

2009-இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும், பாத் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் மாநில அரசுகளோடு சேர்ந்து சுமார் 24,000 சிறுமிகளுக்கு இந்த ஊசியைப் போட்டன. பில் - மெலிண்டா கேட்ஸ் அறக்கட்டளையின் பணம். மருந்தை இரு பன்னாட்டு நிறுவனங்கள் கொடுத்தன. கம்மத்துச் சிறுமிகளில் பலர் பழங்குடியினர், அரசு விடுதிகளில் தங்கிப் படித்தவர்கள். இரு மாநிலங்களிலுமாக அடுத்தடுத்து ஏழு சிறுமிகள் இறந்தார்கள். கம்மத்தின் பத்ராசலம் பகுதிக்குப் பெண்கள் அமைப்பினர் போய் விசாரித்தார்கள். 2010 ஏப்ரலில் அரசு திட்டத்தை நிறுத்தியது.

இறப்புகளை ஆராய்ந்த குழு சொன்னது என்ன? ஒரு பெண் கல்குவாரித் தண்ணீரில் மூழ்கினாள். ஒருத்தியைப் பாம்பு தீண்டியது. இருவர் பூச்சிமருந்து குடித்தார்கள். ஒருத்திக்கு மலேரியா முற்றியது. மற்ற இருவரின் காரணம் அத்தனை துலக்கமில்லை. ஆனால் தடுப்பூசியால் நேர்ந்ததாகத் தெரியவில்லை. இந்தப் பட்டியலை நிதானமாகப் படித்தால், ஏழைப் பெண்குழந்தைகள் இந்த நாட்டில் எப்படியெல்லாம் சாகிறார்கள் என்ற கணக்காகத்தான் அது இருக்கிறது. ஊசி அவர்களைக் கொல்லவில்லை என்பதை நான் முழுமையாக ஏற்கிறேன்.

ஆனால் அதே குழு இன்னொன்றையும் எண்ணிப் பார்த்தது. ஆந்திரத்தின் 9,543 ஒப்புதல் படிவங்களில் 1,948-இல் கைரேகை மட்டும் இருந்தது. 2,763 படிவங்களில் கையெழுத்துப் போட்டவர் விடுதிக் காப்பாளர். பெற்றோர் ஊரில் இருக்கிறார்கள், மகள் விடுதியில் இருக்கிறாள், நடுவில் ஓர் அரசு ஊழியர் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். ஊசிக்குப் பிறகு உடம்புக்கு ஏதாவது என்றால் பதிவு செய்து கவனிக்கும் ஏற்பாடும் சரியாக இல்லை. 2013 ஆகஸ்டில் நாடாளுமன்ற நிலைக்குழு தன் 72-ஆவது அறிக்கையில் இதையெல்லாம் கடுமையாகக் கண்டித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது.

தடுப்பூசியை ஆதரிக்கும் என் நண்பர்கள் சிலருக்கு நான் பத்ராசலத்தைப் பற்றிப் பேசுவது பிடிப்பதில்லை. எதிர்ப்பாளர்களுக்கு அவல் கிடைத்துவிடும் என்பார்கள். நான் ஒப்பமாட்டேன். அங்கே மருந்தில் பிழையில்லை, நடத்திய முறையில் பிழை இருந்தது. இரண்டையும் பிரித்துச் சொல்ல மறுத்ததால்தான் மருந்தின் மேலேயே பழி விழுந்தது. இந்தியாவின் சொந்தத் தடுப்பூசியான சீரம் இன்ஸ்டிடியூட்டின் செர்வாவாக் அனுமதி பெற 2022 ஜூலை ஆகிவிட்டது. நாடு முழுவதும் சிறுமிகளுக்கு இதை ஊக்குவிப்போம் என்று நிதியமைச்சர் அறிவித்தது 2024 பிப்ரவரியில். இடைப்பட்ட ஆண்டுகளில் ஒன்பது வயதைத் தாண்டி, பதினான்கைத் தாண்டி, திருமணமும் ஆகிப்போன பெண்கள் எத்தனை கோடி!

ஜப்பானும் இப்படி ஒரு விலை கொடுத்தது. 2013 ஏப்ரலில் இலவசத் திட்டத்தில் சேர்த்த ஊசியை, கைகால் இழுக்கும் சிறுமிகளின் காட்சிகள் ஊடகங்களில் பரவியதும் ஜூனிலேயே பரிந்துரைப்பதை நிறுத்தினார்கள். எழுபது சதவீதம் அளவுக்கு இருந்த தடுப்பூசி வீதம் ஒன்றுக்கும் கீழே இறங்கியது. நகோயா நகரில் சுமார் 30,000 இளம்பெண்களிடம் 24 அறிகுறிகளைப் பற்றிக் கேட்டுப் பார்த்தபோது, போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் அந்த அறிகுறிகளில் பொருட்படுத்தும்படியான வித்தியாசமில்லை. மறுபடி பரிந்துரைக்க 2022 ஏப்ரல் வரை ஆனது.

நம் நாட்டில் நின்றுபோன இன்னோர் ஆய்வின் கதையைச் சொல்ல வேண்டும். எனக்கு இது மிக முக்கியமாகப் படுகிறது. இரண்டு தவணை போதுமா, மூன்று வேண்டுமா என்று பார்க்க, மருத்துவர் சங்கரநாராயணன் முதலானோர் 2009-இல் இந்தியாவின் பல மையங்களில் 20,000 சிறுமிகளைச் சேர்க்கத் தொடங்கினார்கள். திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கையில் உள்ள கிறித்தவ மருத்துவ மையமும் அதில் ஒன்று. கம்மத்துப் புயலில் அந்த ஆய்விலும் ஊசி போடுவது நின்றது. சேர்ந்திருந்த 17,729 பேரில் ஏறக்குறைய 5,000 பேருக்கு ஒரே தவணைதான் கிடைத்திருந்தது. ஆய்வாளர்கள் அவர்களைக் கைவிடவில்லை, ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். 2021-இல் வெளியான முடிவு: 16, 18 வகைத் தொற்று தங்கிவிடாமல் காப்பதில் ஒரு தவணை 95 சதவீதம் பலன் தந்தது, இரண்டும் மூன்றும் தந்த அதே அளவு. கென்யா போன்ற நாடுகளின் ஆய்வுகளும் அதையே சொல்ல, ஒரு தவணை போதும் என்பதை 2022-இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்றது. செலவு பெருமளவு குறைந்ததில், நடுவில் நிறுத்தப்பட்ட அந்தச் சிறுமிகளுக்குப் பெரும் பங்குண்டு.

அம்பிளிக்கையை நான் விடப்போவதில்லை. தடுப்பூசி வேண்டாம், சோதனையே போதும் என்று சொல்லும் நல்லெண்ணம் கொண்ட விமர்சகர்கள் இருக்கிறார்கள். சென்னை போன்ற நகரங்களில் இந்த நோய் தானாகவே குறைந்து வருகிறதே என்பதும் அவர்கள் வாதம். குறைவது உண்மை, குறைந்த பிறகும் ஆண்டுக்கு எண்பதாயிரம் சாவு என்பதும் உண்மை. சோதனையின் அருமையை உலகுக்குக் காட்டியதே அம்பிளிக்கை இருக்கும் அந்தத் திண்டுக்கல் மாவட்டம்தான். 2000-இல் தொடங்கி, 30 முதல் 59 வயதுப் பெண்களில் 31,000-க்கும் மேற்பட்டோரைப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் சோதித்தார்கள். கருவி என்று பெரிதாக ஒன்றுமில்லை. நல்ல வெளிச்சம், நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் நனைத்த பஞ்சு. கருப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் பொறுத்தால், கெட்டுவரும் இடம் வெள்ளையாகத் தெரியும். அந்த இடத்தை அப்போதே குளிரூட்டி உறையவைத்து அழித்துவிடலாம். ஒரே முறை செய்த இந்தச் சோதனையால் சாவு 35 சதவீதம் குறைந்தது என்று 2007-இல் லான்செட் இதழில் வெளியானது.

அப்படியிருந்தும், 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 30 முதல் 49 வயதுப் பெண்களில் இந்தச் சோதனையை ஒருமுறையாவது செய்துகொண்டவர்கள் தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேர். நம் கர்நாடகத்தில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. மகளுக்கு ஊசி, தாய்க்குச் சோதனை. ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தள்ளிப்போட யாருக்கும் உரிமையில்லை.

இனி நம் தாலுகா. 1997 வரை மைசூர் மாவட்டத்தில் இருந்து, பிறகு சாமராஜநகரோடு சேர்ந்த ஊர் இது. புற்றுநோய்க்கு முழுச் சிகிச்சை வேண்டுமென்றால் அறுபது கிலோமீட்டர் தள்ளி மைசூருக்குப் போக வேண்டும். அதே மைசூரில் மருத்துவர் பூர்ணிமா மதிவாணனும் அவர் குழுவினரும் வளரிளம் பெண்களின் பெற்றோரிடம் இந்த ஊசியைப் பற்றிக் கேட்டபோது, பெரும்பாலோர் போடச் சம்மதமே என்றார்கள். பாதுகாப்பானதா, பலன் தருமா என்பதுதான் அவர்கள் கவலை. பதில் சொன்னால் கேட்கத் தயாராக இருக்கும் மக்கள் நாம்.

பந்திப்பூர்க் காட்டோரத்து ஜேனு குருபர், சோலிகர் பிள்ளைகளை நினைத்தால்தான் எனக்குக் கவலை. ஆசிரமப் பள்ளிகளில் தங்கிப் படிப்பவர்கள் அவர்கள். காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் பெற்றோர் குடகுக்குக் கூலி வேலைக்குப் போய்விடுவார்கள். ஊசி போடும் நாள் அந்தப் பருவத்தில் வந்தால், படிவத்தில் எளிதாகக் கிடைப்பது விடுதிக் காப்பாளரின் கையெழுத்துதான். அதை ஏற்கக் கூடாது. பெற்றோர் ஊர் திரும்பும் வரை ஒரு மாதம் பொறுத்தால் எந்தப் பிள்ளைக்கும் குறைவு வராது. ஹாடி எனப்படும் அவர்கள் குடியிருப்பிலேயே கூட்டம் போட்டு, அவர்கள் பேச்சிலேயே சொல்லி, வேண்டாம் என்பவரை வற்புறுத்தாமல் விட வேண்டும். ஊசி போட்டுக்கொண்ட பெண் பின்னால் எந்தக் காரணத்தால் இறந்தாலும் பிரேதப் பரிசோதனை நடத்தி, முடிவைக் குடும்பத்துக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். பத்ராசலத்தில் இவை நடந்திருந்தால் வதந்திக்கு வேலை இருந்திருக்காது.

மகளைக் கூட்டிக்கொண்டு வரும் தாய் பெரும்பாலும் முப்பதைத் தாண்டியிருப்பார். அன்றைக்கே அவருக்கும் சோதனை செய்துவிடலாம். அதற்கு மறைவான ஓர் அறை, ஒரு கட்டில், ஒரு விளக்கு, பயிற்சி பெற்ற ஒரு செவிலியர் வேண்டும். இந்தக் கோரிக்கையைத் தாலுகா மருத்துவமனை நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுக்க, இந்த அறக்கட்டளையினரே முன்நின்று அவையில் இருப்பவர்களிடம் இன்று கையொப்பம் வாங்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். முதல் கையொப்பத்தை நான் இடுகிறேன்.