பேஸ்ட்டை விட இடைவெளிதான் முக்கியம்

கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்றவங்க நடுவுல தீராத சண்டை ஒண்ணு உண்டு. தெர்மல் பேஸ்ட்டைப் பட்டாணி அளவு வைக்கணுமா, பெருக்கல் குறி மாதிரி போடணுமா, அட்டையால இழுத்துத் தேய்க்கணுமா? பாதி பேர் ட்யூப் மேல இருக்கற நம்பரைப் பார்த்துத்தான் வாங்கறாங்க. எனக்கு அந்த நம்பர் மேல பெரிய நம்பிக்கை கிடையாது. ஏன்னு சொல்றேன்.

பிராசஸரோட உலோக மூடியும் ஹீட்சிங்க்கோட அடிப்பாகமும் பார்க்க வழவழன்னு இருக்கும். ஆனா ரெண்டுலயும் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்கள். ஒட்டி வச்சா அந்தப் பள்ளத்துல காற்று சிக்கிக்கும். வெப்பம் கடத்துற திறன் செம்புக்குச் சுமார் 400, காற்றுக்கு 0.026. சாதாரண பேஸ்ட் 10-ஐத் தாண்டறதே கஷ்டம். காற்றுக்குப் பதிலா இருந்தா லாபம். உலோகம் தொட வேண்டிய இடத்துல மெத்தை மாதிரி தங்கினா நஷ்டம்.

இதுக்கு நல்ல உதாரணம் இன்டெல். பிராசஸர் மூடிக்குள்ள, சிலிக்கானுக்கும் மூடிக்கும் நடுவுலயும் ஒரு அடுக்கு உண்டு. 2011 சாண்டி பிரிட்ஜ்ல அது சால்டர். 2012 ஐவி பிரிட்ஜ்ல பேஸ்ட் ஆக்கிட்டாங்க. ஓவர்கிளாக் பண்ணினா சூடு எகிறுச்சு. உடனே எல்லாரும் பேஸ்ட்டைத் திட்டினாங்க. சிலர் பிளேடு வச்சு மூடியையே பெயர்த்தாங்க (தைரியம்தான்!). மூடியை ஒட்டியிருந்த கறுப்புப் பசையைச் சுரண்டிட்டு, கடையில கிடைக்கிற பேஸ்ட்டைப் போட்டுத் திரும்ப மூடினவங்களுக்கே வெப்பநிலை நல்லா இறங்குச்சு. அந்தப் பசையோட தடிமன் மூடியைத் தூக்கிப் பிடிச்சிருந்ததால, உள்ளே இருந்த பேஸ்ட் அடுக்கும் தடியா இருந்திருக்கு.

ஓவர்கிளாக்குக்குன்னே கூடுதல் விலை கொடுத்து கே மாடல் வாங்கினவங்க, அதைச் சரியா குளிர வைக்க வாரண்டியை இழக்க வேண்டியிருந்தது. அவங்க கோபம் நியாயம்னுதான் நான் சொல்வேன். 2018-ல ஐ9-9900கே வந்தப்பதான் அந்த வரிசையில சால்டர் திரும்பி வந்துச்சு.

லிக்விட் மெட்டல் பத்தி ஒரு வார்த்தை. அதுல இருக்கற காலியம் அலுமினியத்தை அரிச்சுடும், மின்சாரத்தையும் கடத்தும். உங்க ஹீட்சிங்க் அடி அலுமினியம்னா கிட்டயே கொண்டு போகாதீங்க.

மத்தபடி பட்டாணியா பெருக்கல் குறியான்னு ரொம்ப யோசிக்காதீங்க. கொஞ்சம் கூடினாலும் ஸ்க்ரூவை முறுக்கும்போது ஓரத்துல பிதுங்கிடும். ஸ்க்ரூவை மட்டும் குறுக்குக் குறுக்கா, கொஞ்சம் கொஞ்சமா, சமமா முறுக்குங்க.